பொலிவியாவுக்குக் கடல் இல்லை, கடல்வழி உண்டு

ஆண்டுதோறும் மார்ச் 23 அன்று பொலிவியாவின் லா பாஸ் நகரில் கடற்படை அணிவகுப்பு நடக்கும். நகரம் இருப்பதோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில். நாட்டுக்குக் கடற்கரை என்று ஒரு சாண்கூடக் கிடையாது. அந்தக் கடற்படை ரோந்து போவது டிட்டிகாக்கா ஏரியிலும் ஆறுகளிலும்தான். முதன்முறை கேள்விப்படுகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கொஞ்சம் விவரம் கேட்டவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "பாவம், கடலுக்குப் போகவே வழியில்லாமல் சிலி அடைத்துவிட்டது" என்பது ஒன்று. "அதான் உலக நீதிமன்றமே கடல் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டதே, அப்புறம் எதற்கு அணிவகுப்பு?" என்பது இன்னொன்று.

இரண்டும் சரியில்லை. சிலி வழியை அடைக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொலிவியச் சரக்கு சிலித் துறைமுகங்களில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. நீதிமன்றமும் அப்படி ஒரு தீர்ப்பைச் சொல்லவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வியே வேறு. இந்தக் குழப்பத்துக்கெல்லாம் காரணம், மூன்று வெவ்வேறு சமாச்சாரங்களைக் "கடல்வழி" என்ற ஒரே சொல்லில் மூட்டையாகக் கட்டிவிடுவது. மூட்டையைப் பிரித்துவிட்டால் விஷயம் எளிது.

தடம் இல்லாத தோட்டம்

கிராமத்தில் நிலம் வாங்கி விற்றவர்களுக்கு இந்தச் சிக்கல் அத்துப்படி. ரோட்டை ஒட்டி ஒருவர் தோட்டம். அதற்குப் பின்னால் உங்கள் தோட்டம். நான்கு பக்கமும் அடுத்தவர் வரப்பு. விளைந்ததை வண்டியில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் முன்தோட்டத்துக்காரர் மண்ணை மிதித்துத்தான் ஆக வேண்டும்.

அவர் நல்ல மனுஷராக இருந்தால், "அதற்கென்ன, போய்க்கோங்க" என்பார். அது தயவு. நாளைக்கே வாய்க்கால் தண்ணீருக்காக ஒரு சண்டை வந்தால் பாதையில் முள்ளை வெட்டிப் போட்டுவிடுவார். நீங்கள் ஒன்றும் கேட்க முடியாது.

இரண்டாவது நிலை, பத்திரத்திலேயே எழுதி வாங்கியிருப்பது. ஆள், கால்நடை, வண்டி வாகனங்கள் போக வர மாமூல் தட பாத்தியம் உண்டு என்று நம்மூர்ப் பத்திரங்களில் ஒரு வரி வருமே, அது. மண் அவருடையது, போகிற உரிமை உங்களுடையது. அவருக்குக் கோபம் வந்தாலும் தடத்தை மறிக்க முடியாது. ஆனால் அந்தத் தடத்தில் நீங்கள் தென்னை வைக்க முடியாது, போர்வெல் போட முடியாது, கேட் வைக்க முடியாது. தடம் குண்டும் குழியுமாகக் கிடந்தால் யார் மண் கொட்டுவது என்று பஞ்சாயத்து வரும். அவர் வீட்டில் விசேஷம் என்றால் பந்தலைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அந்தத் துண்டை அப்படியே கிரயம் வாங்கிவிடுவது. பட்டா உங்கள் பேருக்கு மாறிவிடும். அது வழி மட்டுமல்ல, உங்கள் நிலம்.

பொலிவியாவிடம் இரண்டாவது இருக்கிறது. அது கேட்பது மூன்றாவதை. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மிச்சக் கதையில் வழி தவறாது.

தோட்டத்திலிருந்து தேசத்துக்கு

சுற்றிலும் பிற நாடுகளின் நிலமே இருந்து, கடற்கரையே இல்லாத நாட்டை நிலம்சூழ் நாடு என்பார்கள். ஐ.நா. உறுப்பினர்களில் 43 நாடுகள் இப்படி. தென் அமெரிக்காவில் பொலிவியா, பராகுவே இரண்டு மட்டும்.

அண்டை நாட்டின் நிலத்தைக் கடந்து சரக்கைக் கடலுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவரும் உரிமைக்குக் கடப்புரிமை என்று பெயர் வைத்துக்கொள்வோம். நம் தட பாத்தியத்தின் பன்னாட்டு வடிவம் அது. 1982-இல் உருவான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை நிலம்சூழ் நாடுகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி இந்த உரிமையை ஒப்புக்கொள்கிறது. கடந்துபோகிற சரக்குக்குச் சுங்கவரி போடக் கூடாது, செய்துகொடுத்த சேவைக்கு மட்டும் கட்டணம் வாங்கலாம் என்கிறது. ஆனால் எந்தப் பாதை, எந்தத் துறைமுகம், என்ன நிபந்தனை என்பதையெல்லாம் சம்பந்தப்பட்ட நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். உரிமை உண்டு, அதன் நீள அகலம் பக்கத்து நாட்டுக்காரரோடு பேசித்தான் தெரியும்.

கிரயப் பத்திரத்துக்கு இணையானது இறையாண்மை. ஒரு நிலத்தின் மீது இறுதி அதிகாரம் யாருக்கு, அங்கே யார் சட்டம் செல்லும், யார் போலீஸ் நிற்கும் என்பதுதான் அது. எந்த நாடும் தன் இறையாண்மையைப் பக்கத்து நாட்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று கடல் சட்டத்தின் எந்த மூலையிலும் இல்லை.

இடையில் ஒரு சுவையான செய்தி. கடற்கரை இல்லாத நாடும் தன் கொடியோடு கப்பல் ஓட்டலாம். 1921-லேயே அதற்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. சுவிட்சர்லாந்துக் கொடி பறக்கும் சரக்குக் கப்பல்களில் தாய்த்துறைமுகம் என்று ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் பாசெல் நகரத்தின் பெயரை எழுதியிருப்பார்கள். நடுக்கடல் எல்லோருக்கும் பொது. தகராறு அதுவரை போய்ச் சேருவதில்தான்.

சுருக்கமாக இதுவரை: கடப்புரிமை என்பது போய்வரும் உரிமை. இறையாண்மை என்பது மண்ணின் சொந்தம். முதலாவதைப் பன்னாட்டுச் சட்டம் தாங்குகிறது. இரண்டாவதைச் சொந்தக்காரர் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு.

பத்து சென்டுக்கு வந்த போர்

1825-இல் ஸ்பெயினிடமிருந்து விடுதலை பெற்றபோது பொலிவியாவுக்குக் கடற்கரை இருந்தது, சுமார் 400 கிலோமீட்டர். அட்டகாமா பாலைவனம் பசிபிக் கடலில் போய் முடியும் இடம் அது. மழை என்பதே அபூர்வம். மலை மேலிருந்த ஊர்களிலிருந்து அந்தக் கரைக்குப் போய்ச் சேருவதற்குள் கோவேறு கழுதைகளின் தாவு தீர்ந்துவிடும். அதனால் பொலிவியர்கள் அங்கே அதிகம் குடியேறவில்லை.

அப்புறம் அந்தப் பொட்டல் பூமியில் பணம் இருப்பது தெரிந்தது. முதலில் கடற்பறவைகளின் எச்சம். ஐரோப்பிய வயல்களுக்கு அதுதான் அன்றைய உரம். அடுத்து வெடியுப்பு, அதாவது சோடியம் நைட்ரேட்; உரத்துக்கும் ஆகும், வெடிமருந்துக்கும் ஆகும். தோண்டி எடுக்க வந்தவை சிலியைச் சேர்ந்த நிறுவனங்கள், அவற்றின் பின்னால் ஆங்கிலேயர் முதலீடு. வேலைக்கு வந்தவர்களும் சிலியர்களே. 1870-களில் அன்டோஃபகாஸ்டா துறைமுகத்தில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் சிலிக்காரர்கள். ஆட்சி மட்டும் பொலிவியாவுடையது. இப்படி ஓர் ஊர் இருந்தால் என்ன ஆகும் என்பதை யூகிக்கப் பெரிய ராஜதந்திரம் தேவையில்லை.

1874-இல் இரு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. எல்லைக்கோடு 24 டிகிரி தெற்கு அட்சரேகை. சிலி நிறுவனங்கள் மீது 25 ஆண்டுகளுக்கு வரியைக் கூட்டுவதில்லை என்று பொலிவியா வாக்குக் கொடுத்தது. நான்கே ஆண்டுகள் கழித்து, 1878-இல், ஏற்றுமதியாகும் ஒவ்வொரு குவின்டால் வெடியுப்புக்கும் பத்து சென்டாவோ வரி போட்டது. அன்றைய ஸ்பானிய குவின்டால் என்பது சுமார் 46 கிலோ. பத்து சென்டாவோ என்பது ஒரு பொலிவியானோவில் பத்தில் ஒரு பங்கு. சில்லறைக் காசுதான். ஆனால் நிறுவனம் கட்ட மறுத்தது. பொலிவிய அரசு நிறுவனத்தின் சொத்தை ஏலம் விட 1879 பிப்ரவரி 14-ஆம் தேதியைக் குறித்தது. அன்றைக்கே சிலிப் படைகள் அன்டோஃபகாஸ்டாவில் இறங்கின.

பொலிவியாவுக்கும் பெருவுக்கும் 1873-லேயே ஒரு ரகசியக் கூட்டு இருந்தது. அதனால் பெருவும் போருக்குள் இழுக்கப்பட்டது. பசிபிக் போர் என்று வரலாற்றில் பெயர் வாங்கிய சண்டை இது. 1879 மார்ச் 23 அன்று கலாமா ஊருக்கருகே ஒரு பாலத்தைச் சிறு குழுவோடு காத்து நின்ற எடுவார்டோ அபரோவா என்பவரைச் சரணடையச் சொன்னபோது, "நானா? உன் பாட்டி வேண்டுமானால் சரணடையட்டும்!" என்று கத்திவிட்டுச் செத்தார் என்பது பொலிவியாவில் குழந்தைக்கும் தெரிந்த கதை. மார்ச் 23 கடல் நாள் ஆனது இதனால்தான். 1880-இல் தக்னா அருகே தோற்றதோடு பொலிவியா களத்திலிருந்து விலகிவிட்டது. சிலிப் படை அடுத்த ஆண்டு பெருவின் தலைநகர் லிமாவையே பிடித்தது.

முடிவில் பொலிவியா தன் கரை முழுவதையும், அதையொட்டிய சுமார் 1,20,000 சதுர கிலோமீட்டர் நிலத்தையும் இழந்தது. பெரு தன் தென்பகுதியை இழந்தது. அதில் அரிகா துறைமுகமும் ஒன்று. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: அரிகா பொலிவியாவுடையதாக ஒருபோதும் இருந்ததில்லை, அது பெருவின் சொத்து. பின்னால் கதை முழுக்க இந்த அரிகாவில்தான் வந்து முட்டிக்கொள்ளும்.

1904: பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது

போர் ஓய்ந்தது 1884-இல், தற்காலிக உடன்பாட்டோடு. நிரந்தர அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1904 அக்டோபர் 20 அன்று. அதில் பொலிவியா தான் இழந்த நிலம் என்றென்றைக்கும் சிலிக்கே சொந்தம் என்று ஒப்புக்கொண்டது.

பதிலுக்குச் சிலி கொடுத்தது: தன் நிலத்தின் வழியாகவும் தன் பசிபிக் துறைமுகங்கள் வழியாகவும் வணிகச் சரக்குக்கு முழுமையான, காலவரையில்லாத கடப்புரிமை. அந்தத் துறைமுகங்களில் பொலிவியா தன் சொந்தச் சுங்க அலுவலகங்களை வைத்துக்கொள்ளலாம். அரிகாவிலிருந்து லா பாஸ் வரை சிலி தன் செலவில் ரயில் பாதை போட்டுத்தரும். கூடவே 3,00,000 பவுண்ட் ரொக்கம். ரயில் பாதை 1913-இல் திறந்தது. சுமார் 440 கிலோமீட்டர், ஆண்டீஸ் மலையில் 4,000 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் பாதை.

உலகத்தில் நிலம்சூழ் நாடுகள் பலவற்றுக்கு இவ்வளவு தெளிவான பத்திரம் கிடையாது. பொலிவிய இறக்குமதிச் சரக்கு அரிகா துறைமுகக் கிடங்கில் ஓராண்டு வரை கட்டணமில்லாமல் கிடக்கலாம் என்ற சலுகைகூடப் பின்னால் வந்து சேர்ந்தது. இன்றைக்கும் அரிகாவில் கையாளப்படும் சரக்கில் பெரும்பகுதி பொலிவியாவுடையதுதான். "அடைத்துவிட்டார்கள்" என்பவர்கள் ஒருமுறை அந்தத் துறைமுக வாசலில் வரிசைகட்டி நிற்கும் பொலிவிய நம்பர் பிளேட் லாரிகளைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் குறை என்ன? தட பாத்தியத்தில் இருக்கும் அதே குறைகள்தான். சிலியின் சுங்க ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தால் எல்லையில் பொலிவிய லாரிகள் நாள்கணக்கில் நிற்கும், ஓட்டுநர்கள் மலைக் குளிரில் நடுங்குவார்கள். அரிகா துறைமுகத்தை நடத்தும் பொறுப்பு 2004-இல் தனியார் கைக்குப் போனது. கட்டண ஏற்றம், விதிமாற்றம் எல்லாவற்றுக்கும் இனி யாரிடம் முறையிடுவது என்று பொலிவியா கேட்டது. பத்திரத்தில் எழுதியது வேறு, தடத்தில் நடப்பது வேறு என்பது பொலிவியாவின் புகார். பத்திரப்படி எல்லாம் நடக்கிறது, சில்லறைத் தொல்லைகளைப் பெரிதாக்குகிறீர்கள் என்பது சிலியின் பதில். என் கணக்கில் இரு பக்கமும் பாதி உண்மை சொல்கின்றன. ஆனால் இந்தப் பாதிகளைச் சரிசெய்வதற்கு இறையாண்மை அவசியமில்லை. நல்ல ரோடும் நல்ல நிர்வாகமும் இருந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பிறகு ஏன் மண்ணே வேண்டும் என்கிறார்கள்?

ஒரு காரணம் கைக்கு அகப்படக்கூடியது. இன்று கடற்கரைக்குச் சொந்தக்காரர் என்றால் கரை மட்டும் கணக்கில்லை. கரையிலிருந்து 200 கடல் மைல், சுமார் 370 கிலோமீட்டர் வரை உள்ள மீன், எண்ணெய், கனிமம் எல்லாவற்றின் மீதும் அந்த நாட்டுக்கு உரிமை உண்டு. இதற்குத் தனிப் பொருளாதார மண்டலம் என்று பெயர். கடப்புரிமை வைத்திருக்கும் நாட்டுக்கு அங்கே ஒரு மீனுக்குக்கூட உரிமை கோர வழியில்லை. பழைய பொலிவியக் கரையை அடுத்த நிலத்திலும் சொத்து கொட்டிக்கிடக்கிறது. உலகின் மிகப்பெரிய செம்புச் சுரங்கங்களில் ஒன்றான சுக்கிகமாட்டா கலாமாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. போர் நடந்த காலத்தில் வெடியுப்பைத்தான் எண்ணினார்கள். செம்பு பிற்பாடு வந்த லாபம்.

இன்னொரு காரணத்தைக் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது. பொலிவியாவின் அழகிப் போட்டியில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு போட்டியாளர் உண்டு. பறிபோன கடற்கரை மாநிலத்தின் பெயரிலும் இன்றுவரை ஒரு பெண் மேடையேறுவதுண்டு. 2009-இல் எழுதிய அரசியலமைப்புச் சட்டமே பசிபிக் கரை மீதான உரிமையைக் கைவிட முடியாதது, காலாவதியாகாதது என்கிறது. 2018 மார்ச்சில் நெடுஞ்சாலை ஓரமாக ஏறக்குறைய 200 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலக் கொடியை விரித்துப் பிடித்தார்கள்.

இது வெறும் சடங்கு என்று தள்ளிவிடுகிறவர்கள் 2003-ஐப் பார்க்க வேண்டும். பொலிவியாவில் இயற்கை எரிவாயு ஏராளம். அதைக் குழாய் வழியாகச் சிலிக் கரைக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றி வட அமெரிக்காவுக்கு விற்பது என்று ஒரு திட்டம். தூரம் குறைவு, செலவு குறைவு. பெரு நாட்டுத் துறைமுகம் வழியாகப் போவதை விட மலிவு. ஆனால் சிலி வழியாகவா என்று நாடு கொதித்தது. எரிவாயுவை யார் அனுபவிப்பது, எவ்வளவுக்கு விற்பது என்ற கோபங்களும் அதோடு சேர்ந்துகொண்டன. லா பாஸுக்கு மேலே இருக்கும் எல் ஆல்டோ நகரில் சாலை மறியல், துப்பாக்கிச்சூடு, பலர் சாவு. 2003 அக்டோபர் 17 அன்று அதிபர் கொன்சாலோ சான்செஸ் தெ லொசாதா பதவி விலகி நாட்டை விட்டே போனார். 124 ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த சண்டை ஓர் அதிபரைக் கவிழ்ப்பதில் கைகொடுத்தது. பேச்சுவார்த்தை மேசையில் உட்காரும் எந்தப் பொலிவிய அரசும் இதை மறந்துவிட முடியாது.

இங்கே ஒரு நிமிடம் நின்று பார்த்தால்: பொலிவியாவிடம் எழுதி வாங்கிய வழி இருக்கிறது, அது முக்கி முனகி வேலையும் செய்கிறது. அது கேட்பது சொந்தக் கரை. அதற்குப் பின்னால் பொருளும் உண்டு, மானமும் உண்டு. மானத்துக்குத்தான் எடை அதிகம் என்பது என் எண்ணம்.

பூட்டு ஒருவரிடம், சாவி வேறொருவரிடம்

சரி, சிலி மனது வைத்தால் கொடுத்துவிடலாம்தானே? அங்கேதான் வரைபடம் குறுக்கே வருகிறது. பொலிவியா இழந்த பழைய கரையிலேயே ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தால் சிலி இரண்டாக உடைந்துவிடும். வடக்கே இருக்கும் அரிகாவும் இகிகேவும் தனித் தீவாகிவிடும். அதற்கு எந்தச் சிலி அரசும் உடன்படாது. நாட்டை உடைக்காமல் கொடுக்கக்கூடிய ஒரே இடம் சிலியின் வடகோடி, அரிகாவுக்கு வடக்கே பெரு எல்லையை ஒட்டிய ஒல்லியான பட்டை.

ஆனால் அது பழைய பெரு நிலம். அரிகாவும் தக்னாவும் யாருக்கு என்ற தகராற்றைச் சிலியும் பெருவும் 1929-இல் பேசி முடித்தன: தக்னா பெருவுக்கு, அரிகா சிலிக்கு. அதோடு இணைந்த ஒரு துணை ஒப்பந்தத்தில், இந்த நிலத்தில் எதையும் மூன்றாவது நாட்டுக்குக் கொடுப்பதென்றால் மற்றவரின் சம்மதம் வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொள்ளும்போது, வெளியாளுக்கு விற்பதானால் என்னைக் கேட்காமல் விற்கக் கூடாது என்று ஒரு வரி சேர்ப்பார்களே, அதேதான். பூட்டு சிலியிடம், சாவி பெருவிடம் என்றே அந்த ஊர்களில் சொல்வார்கள்.

இந்தப் பூட்டு திறக்கும் அளவுக்கு மிக நெருங்கி வந்தது ஒருமுறை. 1975 பிப்ரவரி 8 அன்று எல்லை ரயில் நிலையமான சரான்யாவில் இரண்டு ராணுவ ஆட்சியாளர்கள் கட்டித்தழுவிக்கொண்டார்கள்: பொலிவியாவின் ஹூகோ பான்செர், சிலியின் அகுஸ்தோ பினோசெட். அறுந்திருந்த தூதரக உறவு மீண்டது. அந்த ஆண்டு டிசம்பரில், அரிகாவுக்கு வடக்கே கடல்வரை ஒரு பட்டையை இறையாண்மையோடு தரத் தயார், பதிலுக்குச் சமஅளவு நிலம் வேண்டும் என்றது சிலி. தோற்றதற்கு ஒருமுறை நிலம் கொடுத்தோம், அதில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்க மறுபடியும் நிலமா என்று பொலிவியாவுக்குள் எதிர்ப்பு கிளம்பியது. பெருவிடம் 1929-இன் படி சம்மதம் கேட்டார்கள். பெரு 1976-இல் சம்மதம் என்றும் சொல்லாமல் மறுப்பு என்றும் சொல்லாமல் மூன்றாவதாக ஒரு யோசனையை வைத்தது: பட்டையின் கடலோர முனை மட்டும் மூன்று நாடுகளுக்கும் கூட்டாகச் சொந்தமாக இருக்கட்டும். சிலி அதை ஏற்கவில்லை. 1978 மார்ச்சில் பொலிவியா மறுபடியும் தூதரக உறவை முறித்தது. அதற்குப் பிறகு இரு தலைநகரங்களிலும் துணைத் தூதர்களை வைத்தே காலம் ஓடியது.

நீதிமன்றத்தில் கேட்டது என்ன, கிடைத்தது என்ன

2013 ஏப்ரல் 24 அன்று பொலிவியா ஹேகில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது. நாடுகளுக்கு இடையிலான வழக்குகளை விசாரிக்கும் ஐ.நா.வின் நீதிமன்றம் அது. 1904 பத்திரம் செல்லாது என்று பொலிவியா கேட்கவில்லை. கடற்கரையை வாங்கிக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தால் வழக்கு வாசலிலேயே விழுந்திருக்கும். வழக்குக்கு அடிப்படை 1948-இன் பொகோட்டா உடன்படிக்கை; அன்றைக்கு நடைமுறையிலிருந்த உடன்படிக்கைகளால் முடிந்துபோன விவகாரங்களை அதன் வழியாக நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாது.

பொலிவியா கேட்டது நூதனமானது. "இறையாண்மையுள்ள கடல்வழி தருவது பற்றிப் பேசுகிறோம், பேசுகிறோம் என்று சிலி பல தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறது. 1950-இல் கடிதம் எழுதியது, 1975-இல் கூட்டறிக்கை விட்டது, அப்புறமும் எத்தனையோ முறை சொன்னது. அப்படிச் சொல்லிச் சொல்லியே பேசுவது அதன் சட்டக் கடமையாகிவிட்டது. அந்தக் கடமை உண்டு என்று அறிவியுங்கள்." இதைப் பேச்சுவார்த்தைக் கடமை எனலாம்: நல்லெண்ணத்தோடு மேசைக்கு வந்து உட்கார்ந்தே ஆக வேண்டிய கட்டாயம்.

"பார்க்கலாம், உட்கார்ந்து பேசலாம்" என்று முன்தோட்டத்துக்காரர் பொங்கலுக்குப் பொங்கல் சொல்லிக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் அவர் பேசித்தான் ஆக வேண்டும் என்று வழக்குப் போட முடியுமா? கேள்வி இவ்வளவுதான்.

இந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரமே உங்களுக்கு இல்லை என்ற சிலியின் ஆட்சேபத்தை நீதிமன்றம் 2015-இல் 14-க்கு 2 என்று தள்ளியபோது லா பாஸில் கொண்டாட்டம். அந்த உற்சாகத்தில் பலரும் கவனிக்காமல் விட்டது, அதே தீர்ப்பில் இருந்த இன்னொரு செய்தி: பேசும் கடமை இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், பேச்சின் முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் முன்கூட்டிச் சொல்லாது. அதாவது பொலிவியா முழுசாக ஜெயித்தாலும் அதன் கைக்கு வரப்போவது ஒரு நாற்காலியும் மேசையும்தான்.

2018 அக்டோபர் 1 அன்று இறுதித் தீர்ப்பு. பொலிவிய அதிபர் ஏவோ மொராலெஸ் நேரிலேயே போய் உட்கார்ந்திருந்தார். 12-க்கு 3 என்ற கணக்கில் நீதிமன்றம் சொன்னது: சிலிக்கு அப்படி ஒரு சட்டக் கடமை இல்லை. 1950 கடிதங்களில் இரு நாடுகளும் ஒரே விஷயத்தை ஒரே சொற்களில் ஒப்புக்கொள்ளவில்லை. 1975 கூட்டறிக்கை அரசியல் மொழியில் எழுதப்பட்டது. சகோதர பாவம் பேசுகிறதே தவிரக் கட்டுப்படுவோம் என்ற எண்ணம் அதில் தெரியவில்லை. பேசத் தயார் என்று விருப்பம் தெரிவிப்பது வேறு, பேசக் கட்டுப்படுகிறோம் என்று ஒப்புக்கொள்வது வேறு. இத்தனையையும் ஒன்றாகக் கூட்டிப் பாருங்கள் என்ற வாதமும் எடுபடவில்லை. தனித்தனியே கடமையை உண்டாக்காதவை ஒன்றுசேர்ந்தாலும் உண்டாக்காது என்றார்கள். சுழியத்தோடு சுழியத்தைக் கூட்டினால் சுழியம்தான்.

இந்தத் தீர்ப்பு சொல்லாதவையும் முக்கியம். கடப்புரிமையை அது தொடவே இல்லை. 1904 பத்திரம் அப்படியே இருக்கிறது. பொலிவியா இனிமேல் கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. சொல்லப்போனால், நல்ல அண்டை நாடுகளாக இருவரும் தொடர்ந்து பேசிக்கொள்வதற்கு இந்த முடிவு தடையாகாது என்று தனியாக ஒரு பத்தியே எழுதியது. தீர்ப்பு வந்த அன்று மொராலெஸ் பிடித்துக்கொண்டது அந்தப் பத்தியைத்தான். சிலியின் அதிபர் செபாஸ்தியான் பின்யேரா பிடித்துக்கொண்டது அதற்கு முந்தைய பத்திகள் அனைத்தையும்.

எல்லாம் சேர்த்து: நீதிமன்றம் விசாரித்தது கடல் யாருக்கு என்பதை அல்ல, பேசுவது கட்டாயமா என்பதை. கட்டாயமில்லை என்றது. கோரிக்கை நிற்கிறது, அதற்குத் துணையாகச் சட்டத்தின் கை மட்டும் இல்லை.

வேறு வாசல்கள்

பொலிவியாவின் கிழக்கே சான்டா குரூஸ் பக்கத்து சோயா, பராகுவே ஆற்றில் படகேறி, பரானா ஆறு வழியாக அட்லான்டிக் கடலுக்குப் போகிறது. சுற்றுவழிதான், ஆற்றில் தண்ணீர் குறைந்தால் படகு தட்டும். ஆனாலும் அந்தப் பகுதிக்கு ஆண்டீஸைத் தாண்டி அரிகாவுக்குப் போவதை விட அதுவே தோது.

மேற்கே பெரு ஒரு வாசலைத் திறந்து வைத்தது. 1992-இல் அதன் அதிபர் அல்பெர்டோ ஃபுஜிமோரி, இலோ துறைமுகத்துக்கருகே ஐந்து கிலோமீட்டர் கடற்கரையை 99 ஆண்டுகளுக்குப் பொலிவியா பயன்படுத்திக்கொள்ளக் கொடுத்தார். பொலிவியாமார் என்று பெயர் சூட்டினார்கள். இறையாண்மை பெருவுடையதுதான், குத்தகை நிலம் மாதிரி. 2010-இல் ஏவோ மொராலெஸும் பெரு அதிபர் ஆலன் கார்சியாவும் அங்கே போய் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து விரிவாக்கினார்கள். ஹோட்டல் வரும், தொழில் மண்டலம் வரும் என்று முப்பது ஆண்டுகளாகப் பேச்சு இருக்கிறது. அங்கே போனால் ஒரு நினைவுச் சின்னத்தையும் நிறைய மணலையும் பார்க்கலாம். லா பாஸிலிருந்து அரிகாவுக்குப் போகும் லாரிகள் வழக்கம்போலத் தங்கள் தடத்திலேயே போய்க்கொண்டிருக்கின்றன.